அப்பா குறித்து வைத்த கடலிடங்கள்

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவன் நான் மட்டுந்தான். அண்ணா எட்டாம் வகுப்போடு அப்பாவின் போட்டில் ஏறினார். அதனால்தான் நான் படித்தேன்.

கடலுக்கடியில் மீன் தங்கும் கல்லுகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை அப்பா தன் கையடக்க ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் அதை யாரும் யாருக்கும் காட்டுவதில்லை. அண்ணாவைக்கூட அந்தத் திரையை அவர் பார்க்க விட்டதில்லை.

"அவன் கலியாணம் கட்டினா மச்சான்மாரோட தொழிலுக்குப் போவான். என்ர கல்லும் அங்க போயிடும்," என்றார் என்னிடம். "உனக்குக் காட்டினாப் பயமில்ல. நீ போட்டில கால் வச்சாலே தலை சுத்திச் சத்தி எடுக்கிறாய்."

கருவி பழசாகிவிட்டது, அதிலுள்ளதை லப்டொப்பில் எடுத்து வை என்றார். அதற்கான மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். ஆகவே லப்டொப்புக்குள்ளேயே ஒரு பழைய கணினியை மெய்நிகராக உருவாக்கினேன்.

"மிசினுக்குள்ள இன்னொரு மிசினோ? அது செத்தா?"

"இந்த லப்டொப்பின்ர டிரைவ் உள்ளுக்கும் தெரியுமப்பா. அதில போட்டா வெளியில பத்திரமா இருக்கும்."

அந்த டிரைவை உள்ளே தெரிய வைப்பதற்கே ஒரு பகல் முழுதும் போனது. கடைசியில் தெரிந்தது. வெற்றுக் கோப்பு ஒன்றை அதில் போட்டுப் பார்த்தேன், வெளியே வந்தது. அந்தச் சந்தோசத்தில் கல்லுகளை எல்லாம் கருவியிலிருந்து இறக்கி, சேமி என்பதை அழுத்தினேன். மென்பொருள் அவற்றைத் தன் வழமையான இடத்தில், உள்ளேயே வைத்துக்கொண்டது. நான் பார்க்கவில்லை. வழி திறந்துவிட்டது என்பதையே, பொருளும் வெளியே வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் உள்ளேயிருந்த விண்டோஸ் இயங்காமல் சிக்கி நின்றது. எல்லாம் வெளியே இருக்கிறதே என்ற துணிவில், அதை முதல்நாள் நிலைக்குத் திருப்பினேன். அந்த முதல்நாளுக்குப் பிறகு உள்ளே சேர்ந்ததெல்லாம் அழிந்தது.

மாரியில் அப்பாவின் கருவிக்குள் உப்புத் தண்ணீர் ஏறி, அது செத்துப்போனது. தையில் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அடுத்த நாள், அண்ணா கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

"கல்லுகளைத் தா தம்பி. உன்னட்டத்தானே குடுத்தவர்."

டிரைவைத் திறந்தேன். அந்த வெற்றுக் கோப்பு மட்டும் இருந்தது. உள்ளே தேடினேன், வெளியே தேடினேன். அண்ணா பொறுமையாக இருந்தார். நடந்தது எனக்கு விளங்கியதும், அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். உள்ளே, வெளியே, திருப்பியது என்று நீளமாகச் சொன்னேன்.

"எனக்கு உதெல்லாம் விளங்காது. இருக்கோ, இல்லையோ?"

"இல்லை அண்ணா."

அவர் எழும்பி, கதிரையை அது முன்பு இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

இப்போது அவர் கல்லுகளைத் தேடி மற்றவர்களின் போட்டுகளுக்குப் பின்னால் போகிறார். அவரைக் கண்டதும் அவர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு, அவர் விலகிப் போகும்வரை சும்மா நிற்கிறார்களாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. போட்டுகள் கட்டும் ஜெட்டியில் கேள்விப்பட்டேன்.

அம்மாவிடமும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. "தம்பி தேடுறான், எடுத்துப் போடுவான்," என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். பின்னேரங்களில் நான் லப்டொப்பின் முன் வேறு வேலையாக இருந்தாலும், அம்மா தேத்தண்ணியைச் சத்தமில்லாமல் வைக்கிறார்.

"கண்ணைக் கெடுக்காத மகன். மிச்சத்தை நாளைக்குத் தேடு."

"ஓமம்மா," என்கிறேன்.