நாலு நிமிடம் முப்பத்தாறு விநாடி

2006 மார்ச் 12, ஞாயிறு. நாலரைக்கு எழுந்தேன். ஐந்தே காலுக்கு உப்பளத்தில் இருந்தேன். பத்தொன்பது பாத்திகளிலும் டிகிரி பார்த்தேன். உப்புநீரில் கண்ணாடி மிதவையை விட்டு, அதன் கழுத்தில் நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படித்து எழுதுவதுதான் என் வேலை. இருபத்தைந்து வந்தால் உப்பு இறங்கத் தொடங்கும். ஏழாவது பாத்தி இருபத்து நாலரையில் நின்றது. இன்று அதைத் தொட வேண்டாம் என்றேன். ஆட்கள் முணுமுணுத்தார்கள். அரை டிகிரியை விட்டுக்கொடுத்தால் என்ன என்று அவர்கள் கேட்பதும் நான் தலையாட்ட மறுப்பதும் பதினெட்டு வருடங்களாக நடக்கிறது. பத்தரைக்குமேல் வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசியது. வீட்டுக்கு வந்து பழைய சோறும் கருவாடும் சாப்பிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. குதிகால் வெடிப்பில் உப்பு எரிந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்குக் கடைத்தெருவில் இருக்கும் தையல்கடைக்குப் போனேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அங்கே நாங்கள் மூன்று பேர் அமெரிக்க ராப் கேட்போம். தையல்காரர் என் வயதுக்காரர், பள்ளிக்கூடத்திலிருந்து நண்பர். இன்னொருவர் வானூர் தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கும் பெண். முப்பது வயது இருக்கும். கான்வென்ட்டில் படித்தவர். இந்தப் பாட்டுகளில் என்ன சொல்கிறார்கள் என்று எங்களுக்குச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். எங்கள் இருவருக்கும் சொற்களில் கால்வாசி புரிந்தால் அதிகம். எங்களுக்கு வேண்டியது தாளத்தின் அடியும் குரலும்.

எங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. பத்துக் கேசட்டுகள், பிடித்த வரிசையில். எழுதி வைப்பவன் நான். பல கேசட்டுகளுக்கு அட்டை கிடையாது, நகல் எடுத்தவை. அதனால் நாங்களே வைத்த பெயர்கள்தான்: சைரன் கேசட், பியானோ கேசட், அண்ணன் தம்பி சண்டை கேசட். ஒவ்வொரு பாட்டும் எத்தனை விநாடி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்திருந்தேன். விதிகளும் உண்டு. ஒன்று, கேசட்டை ஒரே மூச்சில் முழுதாகக் கேட்க வேண்டும், நடுவில் பேசக்கூடாது. இரண்டு, ஆளுக்கு ஒரு ஓட்டு. மூன்று, பாடியவர் வெளியிட்டபடி முழுதாக இல்லாத கேசட் பட்டியலில் சேராது.

மூன்றாவது விதியால் 2004இல் தட்டச்சரின் கேசட்டைப் பட்டியலிலிருந்து அடித்தேன். பெண் ஒருவர் பாடியது, இரண்டாம் இடத்தில் இருந்தது. நகல் எடுத்தபோது டேப் தீர்ந்துபோய்க் கடைசிப் பாட்டில் இருபது விநாடி விட்டுப்போயிருந்தது. அன்று அவர் அந்தக் கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனார். அடுத்த இரண்டு மாதம் வரவில்லை.

முதல் இடம் ஆறு வருடமாகத் தையல்காரரின் கேசட்டுக்கு. பொம்மையார்பாளையத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கப் போனவர், இரண்டு நாள் இரவலாக வாங்கி வந்து நகல் எடுத்தது. எங்களை ராப் கேட்க வைத்ததே அதுதான். பாடுகிறவர் அவசரமே படமாட்டார். தலையில் கூடையோடு சேற்றில் நடக்கிறவர் காலைப் பெயர்த்து வைப்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் வைப்பார். நடுவில் குரல் ஒரு ஆட்டம் ஆடி நிற்கும். அந்த ஆட்டம்தான் அவருடைய கலை என்று நாங்கள் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். மூன்றாவது பாட்டின் அடிக்கு ஏற்பத்தான் தையல்காரர் மிஷினை மிதிப்பார். பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்துகிடக்கும் மாதங்களில், கண்ணும் முதுகும் போன பிறகு, அந்தப் பாட்டுதான் தன்னைச் சாயங்காலம்வரை தள்ளிக்கொண்டு போகிறது என்பார்.

அன்று தட்டச்சர் ஒரு சிடி பிளேயரைப் பையில் வைத்துக் கொண்டு வந்தார். சென்னையில் வேலை பார்க்கும் தம்பி அனுப்பியது. கூடவே முதல் இடத்தில் இருக்கும் அதே ஆல்பத்தின் சிடி, அட்டையோடு.

"அண்ணா, உங்க ஆளோட மூஞ்சிய இப்பதான் பாக்கறீங்க," என்று அட்டையைத் தையல்காரரிடம் நீட்டினார்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சின்னப் பையனா இருக்கானே. நான் அம்பது வயசு ஆளுன்னு நெனச்சேன்."

சிடியைப் போட்டோம். முதல் பாட்டு தொடங்கியது. தையல்காரர் தலையைத் தூக்கினார்.

"ஏம்பா, இது வேற ஆளுப்பா. நம்ம ஆளு இவ்ளோ அவசரப்படமாட்டான்."

"பேசக்கூடாதுண்ணா. ஒண்ணாவது ரூலு."

"நீ தாலுகா ஆபீஸ்ல பேசாம இருந்தா சம்பளம் குடுப்பான். இங்க எவன் குடுக்கறான்?"

நான் பிளேயரில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டு 4.12இல் முடிந்தது. என் நோட்டில் 4.36. இரண்டாவது 3.30, நோட்டில் 3.50. மூன்றாவது 4.35, நோட்டில் 5.01. ஒரு பாட்டில் பிசகினால் என் கடிகாரத்தைச் சந்தேகப்படலாம். எல்லாமே ஒரே அளவில் நீண்டிருந்தன. மிச்சத்தையும் கேட்டோம், விதி அப்படி. யாரும் தலையாட்டவில்லை. தையல்காரரின் கால் மூன்றாவது பாட்டில் மிதிபலகைக்குப் போனது, நாலு மிதி மிதித்தது, நின்றுவிட்டது.

முடிந்ததும் இரண்டு வரிசை எண்களையும் படித்துக் காட்டினேன். "இது நகல் எடுக்கறப்ப நடந்தது," என்றேன். "இரவல் கேசட்டு போட்ட பக்கம் மெதுவா ஓடியிருக்குது."

தையல்காரர் தன் இரட்டை டேப் ரெக்கார்டரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அன்னிக்கு அந்தப் பக்கத்துப் பெல்ட் அறுந்துபோச்சுப்பா. கேசட்ட மறுநாள் திருப்பிக் குடுக்கணும், கடையெல்லாம் லீவு. சின்னப் பொண்ணுங்க கவுனுக்கு வைக்கிற எலாஸ்டிக் இருக்குதில்ல, அத வளையமா தைச்சி மாட்டினேன். ஓடிச்சு. பாடிச்சு. அப்புறம் என்னா பாக்கறது?"

"அப்போ அமெரிக்காக்காரர் ஆறு வருஷமா கவுன் எலாஸ்டிக்லதான் பாடிட்டு இருந்தாரா?" என்றார் தட்டச்சர்.

மூவரும் சிரித்தோம். குரலின் அந்த ஆட்டம் எலாஸ்டிக் இழுபட்ட இடம் என்று மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். சிரிப்பு சட்டென்று நின்றது.

தட்டச்சர் என் நோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணா, மூணாவது ரூலு."

"பழி வாங்கறியா?" என்றார் தையல்காரர்.

"இல்லண்ணா. என்னோடதுல இருபது செகண்ட்தான் இல்ல. அதுக்கே இவரு அடிச்சாரு. இதுல ஒரு செகண்ட்கூட பாடினவரு பாடினமாதிரி இல்ல. சும்மா கேக்கறேன்."

அவர் கேட்டது சரி. நான் தையல்காரரைப் பார்த்தேன். ஏதாவது சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அடிச்சிடுப்பா," என்றார். "அளவு தப்பிப் போச்சுன்னா பிரிச்சிதான் ஆவணும்."

ஸ்கேலை வைத்து முதல் வரியை அடித்தேன். மணி ஐந்து பத்து. அந்த இடத்தில் சிடியை எழுதலாமா என்று கேட்டேன். தையல்காரர் ஒரு சீருடையை எடுத்து விரித்தார். தட்டச்சர் வேண்டாம் என்று கைகாட்டினார். முதல் இடம் காலியாக இருந்தது.

தட்டச்சரின் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர் பிளேயரை எடுத்துக்கொண்டு, சிடியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். நானும் கிளம்பினேன். தையல்காரர் டேப் ரெக்கார்டரிலிருந்து கேசட்டை எடுத்துச் சட்டையில் துடைத்து நீட்டினார்.

"உன் செட்டுல சிடி ஓடுமில்ல? இது மேலயே சரியானத பதிஞ்சி எடுத்தாந்துடு. நல்ல கேசட்டு, வீணாக்கக் கூடாது."

"சரி."

"அந்த வேகத்துக்கு மிதிச்சா எனக்கு மூச்சு வாங்கும். பழகிக்கறேன்." அவர் அடுத்த சீருடைக்கு நூல் கோக்கத் தொடங்கினார். ஊசிக்கண் நாலாவது தடவைதான் கிடைத்தது.

ஏழு மணிக்கு வீட்டில் செட்டைத் துடைத்து, சிடியை ஒரு பக்கமும் கேசட்டை இன்னொரு பக்கமும் போட்டேன். பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானில் விரலை வைத்தேன். அழிக்கப்போவதை ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று கேசட்டின் மூன்றாவது பாட்டை ஓடவிட்டேன். அந்த நடை வந்தது. வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவனைப் பற்றிய பாட்டு என்று தட்டச்சர் சொல்லியிருக்கிறார். சிடியில் கேட்டபோது அவன் வீட்டுக்கு ஓடுகிறவன்போல இருந்தான். இதில் நடந்து வருகிறான், என்னைப்போல, காலைத் தூக்கக் கஷ்டப்பட்டுக்கொண்டு. 5.01 முழுவதும் கேட்டேன்.

சிடி கோட்டக்குப்பத்திலும் கிடைக்கும், சென்னையிலும் கிடைக்கும். இந்த நகலில் இருக்கும் நடை இரவல் கேசட்டில் இல்லை, பாடியவரிடமே இல்லை. இருக்கிற ஒரே ஒன்றை அழிக்கும்படி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்; நான் சரி என்று சொல்லியிருக்கிறேன். சொன்னதைச் செய்யாமல் இருந்தது எனக்கு நினைவில்லை. டயரியில் "பதியவில்லை, களைப்பு" என்று எழுதினேன். அதில் பாதி உண்மை. செட்டை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 13, திங்கள். நாலரைக்கு எழுந்தேன். விளக்கைப் போட்டு, முதல் வேலையாகச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்தேன். அவை இல்லாவிட்டால் சிவப்புப் பொத்தான் அழுந்தாது, யார் பதிந்தாலும் பதியாது. முதல் பல் சுலபமாக வந்தது. இரண்டாவதற்கு இரண்டு முறை நெம்ப வேண்டியிருந்தது. கேசட்டைத் தையல்கடையில் கொடுக்கச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பல் துலக்கப் போனேன்.