மந்திரம் கேட்ட அப்பா

திண்டிவனம் மண்டியில், மல்லாட்டை என்று ஊரில் சொல்லும் வேர்க்கடலை மூட்டை தூக்கியே முதுகு தேய்ந்தவர் மாசிலாமணி. குடி கிடையாது, கடன் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டதும் கிடையாது. தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். தங்கமான மனுஷனோடு ஒரே வீட்டில் வளர்வது எவ்வளவு கஷ்டம் என்பதை அவர் மகன் அலெக்ஸைத்தான் கேட்க வேண்டும்.

மாசிலாமணிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பங்குச் சாமியார் கூப்பிட்டு மந்திரம் கேட்டார். ஜெபங்களை மனப்பாடமாக ஒப்பித்தால்தான் கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிப்பார்கள். விசுவாசப் பிரமாணத்தில் பாதி தாண்டியதும் மாசிலாமணிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பெண் வீட்டாரை வைத்துக்கொண்டே, போய்ப் படித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார் சாமியார். கல்யாணம் தள்ளிப்போனது, ஊரே சிரித்தது. தன் பிள்ளைக்கு இந்தக் கதி வரவே கூடாது என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

பிள்ளை பிறந்தான். பேச ஆரம்பித்ததும் திக்கினான்.

அந்த வீட்டில் ஜெபம் முடிந்தால்தான் ராத்திரிச் சோறு. சுவரில் மாட்டிய திரு இருதயப் படத்துக்கு முன்னால் மூன்று பேரும் முட்டி போடுவார்கள். அலெக்ஸ் திக்காமல் ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் இடறினாலும் திரும்பத் தொடக்கத்துக்குப் போக வேண்டும். அடுப்படியில் சோறு ஆறிக் கிடக்கும். அவன் அம்மா இருதயமேரிக்கு முட்டி வீங்கிப்போகும்.

"வாயி வரலன்னா பையன் இன்னாங்க பண்ணுவான்? சாமிக்குத் தெரியாதா?" என்பாள் அவள்.

"சாமிக்குத் தெரியும்டி. சாமியாருக்குத் தெரியணுமே."

மகன் திக்குவதைத் திமிர் என்றுதான் அவர் நினைத்தார். "கிரிக்கெட் ஆடிக்கினு அவுட்டு அவுட்டுன்னு கத்துறியே, அப்ப மட்டும் வருதா?" என்று கேட்பார். ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. அம்மா தன்னால் பசியோடு முட்டி போட்டிருக்கிறாள் என்பதைவிடவா ஒரு அடி வலித்துவிடும்?

அலெக்ஸ் விழுப்புரத்துக்குப் போய் பைக் மெக்கானிக் ஆனான். அங்கே கலைமதி என்ற பெண்ணை விரும்பினான். இந்துக் குடும்பத்துப் பெண் என்றாலும் மாதா கோயிலில் தாலி கட்டிக்கொள்ள அவளுக்குச் சம்மதம்தான். இவன்தான் சாமியார் முன்னால் நின்று மந்திரம் ஒப்பிக்க வேண்டும் என்றதும் பின்வாங்கினான். இப்போதெல்லாம் எந்தச் சாமியாரும் அப்படிப் பரீட்சை வைப்பதில்லை. அதை அவனுக்கு யார் சொல்வது? ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தை முடித்துக்கொண்டான். மாசிலாமணி அதோடு மகன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போன வருஷம் இருதயமேரி இறந்தாள். தனிக்கட்டையானதும் கிழவருக்குப் பேத்தி நினைப்பு வந்தது. நான்கு வயதாகியும் அந்தக் குழந்தை ஞானஸ்நானம் பெறவில்லை. தன் வீட்டு வேதம் தன்னோடு முடிந்துவிடுமோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, ஒரு பை பச்சை மல்லாட்டையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினார்.

"வாங்கப்பா," என்றான் அலெக்ஸ். முன்பெல்லாம் 'வாப்பா' என்பவன். இந்த மரியாதை மாசிலாமணிக்குச் சுருக்கென்றது.

டீயைக் குடிக்காமலே விஷயத்தைச் சொன்னார். "பாப்பாவுக்குத் தலையில தண்ணி ஊத்திடலாம்டா. உங்கம்மா அந்த ஏக்கத்துலயே போய்ட்டா. நானும் எத்தினி நாளைக்கி இருக்கப் போறேன்?"

கலைமதிதான் பேசினாள். "நானும் அதான் சொல்லிக்கினு இருக்கேன் மாமா. பாப்பாவுக்கு இவரு சிலுவை போடக்கூட கத்துக் குடுத்துருக்காரு. பொன்னி, தாத்தாவுக்குப் போட்டுக் காட்டு."

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. மகன் எல்லாவற்றையும் விட்டுத் தொலைத்துவிட்டான் என்றல்லவா நினைத்திருந்தார்!

பொன்னி நெற்றியில் கை வைத்தாள். "த... த..." அவளுக்கும் திக்கியது. அலெக்ஸ் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். "தந்தை" வந்தது. கை நெஞ்சுக்கு இறங்கியது. "ம... ம..."

"நிறுத்து. மொதல்லேர்ந்து சொல்லு," என்றார் மாசிலாமணி.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கொடுமையே அதுதான். பொன்னி கையை எடுத்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அலெக்ஸ் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். கலைமதி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அலெக்ஸ் பஸ் ஸ்டாண்டு வரை வந்து டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தான். பஸ் உறுமத் தொடங்கியதும் ஜன்னலருகே வந்தான்.

"பாப்பாவுக்கு ஞா... ஞானஸ்நானம் குடுத்துடுறேம்பா. அடுத்த மாசம்."

"ஆண்டவரே!" மாசிலாமணி கையெடுத்துக் கும்பிட்டார். "எந்த ஞாயித்திக்கெழமடா? நான் மொத நாளே வந்துடறேன்."

"நீ... நீங்க வர வேணாம்ப்பா."

பஸ் கிளம்பிவிட்டது. வேண்டிக்கொண்டு வந்தது கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியும் அழுகை நிற்கவில்லை.