எங்கே என்று கேட்காத ஊர்

தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில் முப்பது ஆண்டு பாடம் நடத்தியவன் நான். யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து அதைப் பார்க்கும் ஆசை. ஓய்வு பெற்ற பிறகு, இந்தத் தை மாதம்தான் கைகூடியது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் தங்க அறை கிடைத்தது.

இரண்டாம் நாள் காலை ஏழே முக்காலுக்குத் தெல்லிப்பழைக்குக் கிளம்பினேன். அங்கே கல்லூரி என்ற பெயரில் ஒரு பழைய மிஷன் பள்ளி இருக்கிறது. (பள்ளிக் கட்டடங்களைத் தேடிப் போவது என் தொழில் வியாதி.) சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோவில் போய், காத்திருந்து, திரும்ப மூவாயிரத்து ஐந்நூறு இலங்கை ரூபாய் பேசியிருந்தேன். ஓட்டுநர் சுதன், இணுவில்காரர்.

இணுவில் பஸ் நிறுத்தத்தில் வேட்டியும் துணிப்பையுமாக ஒருவர் நின்றிருந்தார். சாலையைப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாகத் தவித்தார். சுதன் வண்டியை நிறுத்தினார்.

“என்ன துரை அண்ணை, தூரமோ?”

“ஓம் தம்பி, கொஞ்சம் தூரந்தான்.”

“பஸ் நிக்கேல்லையோ?”

“ரண்டு நிக்காமல் போட்டுது. பள்ளிக்கூடப் பிள்ளையளாலை நிரம்பி வழியுது.”

அவ்வளவுதான். துரை மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். மனிதர் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் ஏற்றிக்கொள்ளலாமே? வகுப்புக்கு வெளியே நிற்கும் பையன்களை எங்கே போகிறாய் என்று முப்பது ஆண்டு கேட்ட வாய், “எங்கே...” என்று தொடங்கிவிட்டது. சுதன் பலமாக ஹார்ன் அடித்து அந்தச் சொல்லை அமுக்கினார். உடனே என் பக்கம் திரும்பி, எனக்குக் காது கேளாததுபோல உரத்த குரலில் சொன்னார்:

“ஐயா, நாங்கள் நேரா தெல்லிப்பழைக்குத்தானே போறம்? ஆசுப்பத்திரி வாசலாலைதான் போவம். பின்னுக்கு நீங்கள் ஒராள்தான், என்ன?”

அவருக்குத் தெரியாததா? விழித்துக்கொண்டே தலையாட்டினேன்.

“அப்பிடியெண்டால் நானும் வாறன்,” என்று துரை ஏறிக்கொண்டார்.

வண்டி நகர்ந்த பிறகுதான் விஷயம் வந்தது. அவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம். ஒன்பது மணிக்கு ஆபரேஷன். “தாயில்லாப் பிள்ளை, ஐயா. உள்ளுக்குக் கொண்டுபோக முந்தி அப்பாவைக் காணோணும் எண்டு அழுகிறாள்.”

“உந்த விசயத்தை அங்கையே சொல்லியிருக்கலாமே, அண்ணை!” என்றார் சுதன், வேகத்தைக் கூட்டியபடி.

“நீ கேட்டனியோ?”

“கேட்டிருந்தால் திரும்பி வீட்டை போயிருப்பியள்!”

“ஓம், போயிருப்பன்தான்,” என்றார் துரை. அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

சுதன் எனக்கு விளக்கினார். புறப்பட்டுப் போகிறவரைத் தூரமோ என்று கேட்கலாம், எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்பது இங்கே நம்பிக்கை. கேட்டுவிட்டால், வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். எங்கள் ஊரிலும் இது உண்டு, நான்தான் மதித்ததில்லை. அன்று காலை, என் ஒரு கேள்வி ஒரு மகளைத் தனியாக உள்ளே அனுப்பியிருக்கும்.

எட்டு இருபதுக்கு மருத்துவமனை வாசல். துரை பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். வேட்டி தடுக்கியதையும் பொருட்படுத்தவில்லை.

கல்லூரியைச் சுற்றிப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மனம் அங்கே இல்லை. பதினொன்றரைக்குத் திரும்புகையில் துரை சாலையோரம் நின்று கையை ஆட்டினார். “நாங்கள் திருநெல்வேலிக்குத் திரும்புகிறோம்,” என்று மட்டும் சொன்னேன்.

“என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டிருந்துதான் உள்ளுக்குப் போனவள். பொம்பிளைப் பிள்ளை, ஐயா! தாயும் பிள்ளையும் சுகம்.”

ஒரு செய்தியைக் கேள்வி என்ற வாளியை இறக்கி இழுத்தெடுப்பது ஒரு முறை. நம்மிடம் இருப்பதைச் சொல்லி, எதிரில் இருப்பவர் தானாகப் பேச இடம் விடுவது இன்னொரு முறை. முதலாவதைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: காலை ஏழிலிருந்து எட்டு வரை பஸ்களில் இடம் கிடைப்பது கடினம், ஆட்டோ வாடகையை முதல் நாளே பேசிவிடுங்கள். வழியில் யாராவது தவித்து நின்றால் எங்கே என்று கேட்காதீர்கள். நீங்கள் போகும் இடத்தை உரக்கச் சொல்லிவிட்டு, வண்டியைச் சற்று நிறுத்தி வையுங்கள்.