பாதரசமும் ஒரு தூளியும்

பின்லாந்தில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் யாரும் சட்டென்று கதவைத் திறந்து வெளியே வருவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுப்பார்கள். படிக்கட்டில் காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் தாழ்ப்பாள் நகரும். ஊரில் இருக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். வந்த புதிதில், என் நிறத்தைப் பார்த்துத்தான் ஒதுங்குகிறார்கள் என்று புழுங்கினேன். கூட வேலை செய்யும் மிக்கோவிடம் கேட்டே விட்டேன். அவன் குழம்பிப்போய், "உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்றுதான்" என்றான். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று மூக்காலேயே சொல்லிவிடும் செவிலிமேட்டுக்காரியான எனக்கு இந்த மரியாதை எப்படி விளங்கும்? இப்போது நானும் அப்படித்தான் நிற்கிறேன்.

என் வேலை அணுக்கருவின் வடிவத்தை அளப்பது. அதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அதைச் சுற்றி வெகு தள்ளி எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் லேசரைப் பாய்ச்சினால், அவை ஏற்கும் ஒளியின் நிறம் இம்மி அளவு மாறும். அந்த இம்மியை வைத்துத்தான் உள்ளே இருப்பது உருண்டையா நீளமா என்று சொல்கிறோம். தள்ளி இருப்பவர்களின் பேச்சை வைத்து நடுவீட்டுச் சங்கதியைக் கண்டுபிடிப்பது மாதிரி.

இதை அம்மாவுக்குப் போனில் விளக்க இட்லியைத்தான் துணைக்கு அழைத்தேன். சாதாரண இட்லியின் உருண்டை ஒரு வடிவம். மூங்கில் குடலையில் வெந்து நீளமாக வரும் கோயில் இட்லி இன்னொரு வடிவம்.

"ரெண்டும் ஒரே மாவுதானேம்மா?" என்றாள் அம்மா.

"மாவு ஒண்ணுதான். பாதரசத்துல சில வகை இருக்குது. ஒரு நியூட்ரான் கூடினா நீட்டமாயிடும். இன்னொண்ணு கூடினா திரும்ப உருண்டையாயிடும். அடுத்தது வந்தா மறுபடி நீட்டம்."

"அதத் தெரிஞ்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போறே?"

சிரித்து மழுப்பினேன். மிக்கோவிடமும் இட்லியைச் சொல்லிப் பார்த்தேன். அவன் அதை ஏதோ சாசேஜ் என்று நினைத்துக்கொண்டு, தான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று வருத்தத்தோடு சொன்னான்.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை தருவதாகச் சொன்னார்கள். லேசர் கிடையாது. ஆனால் பாடம் நடத்தலாம், வீட்டிலிருந்தே போய்வரலாம். ஒத்துக்கொள்வது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். வீட்டில் மூச்சுவிடவில்லை. விமானம் ஏறும் முன் போனில் சொல்லி எல்லாரையும் அழவைக்கலாம் என்று திட்டம்.

பயணம் என்றால் அம்மா பாஸ்போர்ட்டைச் சாமி மாடத்தில் வைத்து, குங்குமம் இட்டுத்தான் கையில் தருவாள். அன்று கற்பூரம் காட்டிக் கட்டிப்பிடித்து அழுததில், எடுத்துத் தர அவளும் மறந்தாள், கேட்க நானும் மறந்தேன். கார் ஏனாத்தூரைத் தாண்டிய பிறகுதான் பையைத் துழாவி, வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே சிரிப்பு. கூடத்தில் அப்பா, அம்மா, தம்பி, அவன் மனைவி கோமதி நாலு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தங்கியிருந்த அறையில் கட்டில் சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அது கிடந்த இடத்துக்கு மேலே, கொக்கியில் ஒரு தூளி. அதில் தம்பியின் குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. நான் இருந்த நாளெல்லாம் கூடத்துப் பாயில் கிடந்து சிணுங்கிக்கொண்டே இருந்த குழந்தை. அவனுக்கு ஒரு தூளி உண்டென்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

என்னைப் பார்த்ததும் நாலு பேரும் எழுந்துவிட்டார்கள்.

"இன்னாக்கா, ஃபிளைட் கேன்சலா?" என்றான் தம்பி.

கோமதி எச்சில் கையோடு அறைக்கு ஓடினாள். தூங்கும் பிள்ளையை இடது கையால் வாரித் தோளில் போட்டுக்கொண்டு, "இருங்க அண்ணி, தோ அவுத்துடறேன்" என்று தூளி முடிச்சில் கைவைத்தாள்.

"வேணாம் கோமதி. பாஸ்போர்ட்ட உட்டுட்டேன், அவ்ளோதான்" என்றேன்.

கல்லூரிக்கு, வேலை வேண்டாம் என்று விமான நிலையத்திலிருந்தே பதில் அனுப்பினேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கேட்டிருந்தால் "வாம்மா" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் கேட்கவில்லை.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் பாதரசத்தை அளக்கும் நாட்களில் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு நியூட்ரானுக்கும் திரையில் கோடு இப்படியும் அப்படியும் தாவுகிறது. விருந்தாளியாகப் போன என்னால் வீடு ஒரு பக்கம் இழுபட்டது உண்மைதான். அங்கேயே தங்கிவிட்டவளாக இருந்திருந்தால் மறுபடி உருண்டு திரண்டிருக்குமோ? அடுத்ததைச் சேர்த்துப் பார்க்காமலே முடிவை எழுதிவிட்டேன். என் மாணவர்கள் யாராவது இப்படிச் செய்தால் சும்மா விட்டிருக்கமாட்டேன். வருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்று காலை ஷூ மாட்டிக்கொண்டு கதவருகே நின்றபோது அம்மா வீடியோவில் வந்தாள். அவளுக்குப் பின்னால் தூளி ஆடிக்கொண்டிருந்தது. வெளியே படிக்கட்டில் யாரோ இறங்கும் சத்தம். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"எப்பம்மா வர்றே? இடத்தப் பத்திக் கவலப்படாத. நீ வர்ற அன்னிக்கே தூளிய அவுத்துடறோம்" என்றாள் அம்மா.

சத்தம் ஓய்ந்துவிட்டது. தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் நின்றேன். எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் யாரோ, நான் போய்விடட்டும் என்று, மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.