தலைப்பில்லாத கோப்பு

எனெலெசிக்குக் கோபம் வந்தால் சிக்வாவா மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் யாரும் பக்கத்தில் போக மாட்டோம். அன்று நான் போனேன். எனக்கும் வயிறு எரிந்தது.

ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளின் மேல்கைச் சுற்றளவை நாடாவால் அளப்பது என் வேலை. அளவுகளைக் கோப்பாகத் தலைநகருக்கு அனுப்புவது அவள் வேலை. கை மெலிந்த பிள்ளைகளுக்கு அங்கிருந்து நிலக்கடலைச் சத்துப் பொட்டலம் வரும். அந்த மாதம் கொழுகொழுவென்றிருந்த எட்டு மாதக் குழந்தைகளுக்குத்தான் வந்தது. எலும்பும் தோலுமாக இருந்த யாமிகானிக்கு வரவில்லை. அவனுக்கு வயது பதினாலு மாதம், கை பதினோரு சென்டிமீட்டர்; பதினொன்றரைக்குக் கீழே போனாலே உயிருக்கு ஆபத்து.

புதுக் கணினிமுறை கோப்பை வெளியே எடுக்கும்போது எந்த எண் எதற்கு என்று சொல்லும் தலைப்பு வரியே இருக்காது, பெயர், ஊருக்குப் பின்னால் வெறும் எண்கள்தான். தலைநகரில் வரிசை தெரிந்தவர் மாற்றலாகிப் போக, புதிதாக வந்தவன் வயதைக் கையளவு என்று எடுத்துக்கொண்டான். நாற்பது மாதப் பிள்ளைக்கு நாற்பது சென்டிமீட்டர் கை! அதைப் பார்த்துமா ஒருவனுக்கும் உறைக்கவில்லை?

"கச்சிங்வே சார், தலைப்பு போட விடுங்கன்னு நாலு மாசமா கத்துறேன்ல?" என்றாள் எனெலெசி.

"அதுக்கு புரோகிராம் எழுதணும்மா. கம்பெனிக்காரங்க வரட்டும். கோப்புல கை வெச்சே, வேலை போயிடும்" என்றார் மேலதிகாரி.

"போகட்டும்!"

உட்கார்ந்தாள். வெற்றுக் கோப்பில் ஒரே வரி: பெயர், ஊர், வயது மாதத்தில், கைச்சுற்றளவு சென்டிமீட்டரில். எல்லாக் கணினியிலும் இருக்கிற நகலெடுக்கும் கட்டளையைத் தட்டி, அந்த வரி முன்னால், எண்கள் பின்னால் என்று இரண்டையும் ஒட்டி மூன்றாவது கோப்பாக எடுத்துத் தலைநகருக்கு அனுப்பினாள். பழைய கோப்பு அப்படியே இருந்தது. புரோகிராமாம், புடலங்காயாம்!

அடுத்த வாரம் பத்தொன்பது பிள்ளைகளுக்குப் பொட்டலம் வந்தது. பதினெட்டுப் பேருக்குக் கொடுத்தேன். யாமிகானியை ஞாயிற்றுக்கிழமையே புதைத்துவிட்டார்கள்.

மாதக் கூட்டத்தில் கச்சிங்வே பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "நம்ம எனெலெசி ரெண்டே நிமிஷத்துல முடிச்சுட்டா! எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். அவள் எழுந்தாள்.

"ரெண்டு நிமிஷந்தான். அதை நாலு மாசத்துக்கு முன்னாடி ஏன்யா எனக்குத் தரல? யாமிகானியோட அம்மா முன்னாடி போய்த் தட்டுங்க, பாப்போம்."