கலியனின் மரத்த தொடை

நெய்வேலிச் சுரங்கத்தில் இரும்புத் தளவாடம் தூக்கும் கலியனுக்கு வேலைதான் கான்ட்ராக்ட். உடம்பு பெர்மனென்ட் என்று நினைத்திருந்தான். 1966 தை மாதம் அந்த நினைப்பில் மண் விழுந்தது. பீடி நெருப்பு வலது தொடையில் விழுந்து தோல் பொசுங்கியிருக்கிறது. நாற்றம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தான். தொடையின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப் போயிருந்தது.

தோல் மரத்தால் குஷ்டம், பெருவியாதிதான் என்பது அவனுடைய ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அரைகுறையாகத் தெரிந்ததுதான் அவனைக் கெடுத்தது. மனைவி மாணிக்கம்மாளிடம் மூச்சு விடவில்லை. எங்கே ஒட்டிக்கொள்ளுமோ என்று, எட்டு மாதக் குழந்தையைத் தூக்குவதை நிறுத்தினான். அது தவழ்ந்து வந்து காலைப் பிடித்தால், ஏதோ வேலை இருப்பவன்போல எழுந்து போனான்.

"பொட்டப் புள்ளைன்னுதான் மூஞ்சியத் திருப்பிக்கினு போறியா?" என்று ஒருநாள் மாணிக்கம்மாள் கேட்டாள். கலியன் கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. பண்ருட்டியில் ஜோலி என்று பொய் சொல்லிவிட்டுப் பட்டணத்துக்கு பஸ் ஏறினான். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் சண்முகசுந்தரம் தோலைக் கீறிச் சோதித்தார். கிருமி இல்லை என்றார். கலியன் நம்பவில்லை.

கண்ணை மூடச் சொல்லித் தொடையைப் பஞ்சால் தொட்டார். "தெரியுதா?"

"தெரியுதுங்க."

"இப்ப?"

"நல்லாத் தெரியுதுங்க."

"இப்ப நான் தொடவே இல்லையேப்பா."

மேஸ்திரி கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டுப் பழகிய வாய். டாக்டர் பெருமூச்சு விட்டு ஒரு மின்சாரப் பெட்டியின் பக்கம் அழைத்துப் போனார். இடுப்போரம் சுருக்கென்று மின்சாரம் கொடுத்தால், அது நரம்பு வழியாகத் தொடைக்கு வந்து சேருகிற வேகத்தைப் பெட்டி அளந்து அலைபோலக் கோடு போடுமாம். வலது தொடையில் கம்பிகளை ஒட்டினார். கோடு அசையவில்லை. நல்ல தொடையான இடதில் ஒட்டினார். அதிலும் அசையவில்லை. டாக்டர் தலையைச் சொறிந்தார். பிறகு தம் கால்சட்டையைத் தளர்த்திக்கொண்டு தம் தொடையிலேயே ஒட்டிப் பார்த்தார். கோடு செத்த பாம்புபோலக் கிடந்தது.

கலியனுக்குப் பகீரென்றது. "ஐயாவுக்குமாங்க?" என்றான். பாவம், படித்த மனுஷன் என்று நிஜமாகவே வருத்தப்பட்டான்.

டாக்டர் சிரித்துவிட்டார். "இது கை நரம்பை அளந்து பழகின பெட்டி. தொடையில இந்த நரம்பு நூல் மாதிரி ஓடுது. கம்பியை எங்க வைக்கிறதுன்னு எனக்கே இன்னும் பிடிபடல."

"அப்ப எனக்கு இன்னாதாங்க?"

டாக்டர் அவன் இடுப்பைக் காட்டினார். அகலத் தோல் பெல்ட் பதிந்து தோல் கன்றியிருந்தது. முதுகு பிடிக்காமலிருக்கச் சுமை தூக்குகிறவர்கள் கட்டுவது. தொடை மரத்ததும், கால் பலம் போகிறதோ என்று கலியன் அதை இன்னும் இரண்டு ஓட்டை இறுக்கியிருந்தான்.

"அதுதான் நரம்பை நசுக்குது. தளர்த்து. சரியாப் போகலாம், கொஞ்ச நாள் ஆகலாம்."

"ஒட்டுமாங்க? வூட்டுல கொழந்த இருக்குது."

"நீ கட்டின பெல்ட் கொழந்தைக்கு எப்படிப்பா ஒட்டும்? போய்த் தூக்கு."

பஸ்ஸில் பண்ருட்டி வரைக்கும் யோசித்தும் கலியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொய் சொல்லாத பெட்டி மூன்று தொடையையும் செத்தது என்கிறது. அது கிடக்கட்டும் என்கிறார் டாக்டர். யாரை நம்புவது?

வீட்டில் குழந்தை தவழ்ந்து வந்து காலைப் பிடித்தது. எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. சட்டென்று வாரி எடுத்து வலது தொடையில் வைத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் மாணிக்கம்மாள் கூவினாள். "யோவ், மூத்திரம் பேஞ்சிகினு இருக்குது பாரு. கீழ எறக்கு."

அவனுக்குத் தொடையில் ஒன்றுமே உறைக்கவில்லை. ஈரம் முழங்காலுக்கு இறங்கிய பிறகுதான் சூடு தெரிந்தது. குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"தூக்கலாமாம்," என்றான்.

யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று புரியாமல் மாணிக்கம்மாள் அவனையே பார்த்தாள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.