கோவை–சென்னை விமானம் ஒரு மணி பத்து நிமிஷம்; ஜெகதளாவிலிருந்து கேட்டால் ஏழு மணி நேரம்

கடந்த மே மாதம் என் தங்கை மகளுக்குச் சென்னை வேளச்சேரியில் காது குத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்த மடிக்குச் சொந்தக்காரன் நான். முகூர்த்தம் பன்னிரண்டே முக்காலோடு முடிகிறது. "முந்தின நாளே ரயிலேறி வந்துருங்கண்ணா" என்றாள் தங்கை. விடுவேனா? கோவையிலிருந்து சென்னை வான்வழியே சுமார் 430 கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒரு மணி பத்து நிமிஷம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி, காலை 10.20 விமானத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். முதல் விமானப் பயணம் வேறு. நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஜெகதளாவில் இதைக் கேட்காத ஆள் கிடையாது.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். குன்னூர் தாண்டும்போதே ஓட்டுநர் செல்வம் ஆரம்பித்தார்.

"ஏனுங்கண்ணா, சீசனுங்க. மேல வர்றதுக்குத்தான் இந்த ரோடு. எறங்கறதுக்குக் கோத்தகிரி வழிதானுங்க."

"அதெல்லாம் ஊட்டி பாக்க வர்றவங்களுக்குப்பா. நாம உள்ளூரு. நேரா உடு."

நேராக விட்டார். இரண்டாவது கிலோமீட்டரில் தடுப்பு. காவலரிடம் நான் உள்ளூர்ப் பெருமையை அவிழ்த்துவிட்டேன்.

"உள்ளூருங்களா? அப்ப உங்களுக்குத்தானுங்க மொதல்ல தெரிஞ்சிருக்கோணும். வண்டியத் திருப்புங்க."

செல்வம் சிரிக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மறுபடி குன்னூர் வந்தபோது ஆறே கால். கோத்தகிரிக்கு இருபது கிலோமீட்டர். தேயிலைச் சரிவில் பனி விலகிக்கொண்டிருந்தது. பாதிப் பச்சை, பாதி வெள்ளை. அந்தப் பதற்றத்திலும் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்தேன். அப்புறம் காட்டெருமை ஒன்று சாலையின் நடுவில் நின்று எங்களை விசாரித்தது. ஒலிப்பான் அடிக்கக் கூடாது. அதற்குப் பிடிக்க எந்த விமானமும் இல்லை. மேட்டுப்பாளையம் வந்தபோது எட்டேகால்.

அங்கே தங்கையின் போன். "அண்ணா, எங்கண்ணா இருக்கீங்க? இங்க பெரியப்பா பையன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு மனைக்குப் பக்கத்துலயே உக்காந்துட்டாரு. 'நானும் மாமன்தானே'ங்கறாரு."

எனக்குத் தெரியும் அவனை. என் கல்யாணத்திலேயே மாப்பிள்ளை நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தவன்.

"செல்வம், மிதிப்பா!"

மீதி நாற்பது கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடித்தார். கவுன்டர் மூட மூன்று நிமிஷம் இருந்தது. விமானம் சொன்னபடி பதினொன்றரைக்கு இறங்கியது. மேகத்தை மேலிருந்து பார்த்தேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவும் மறந்தேன். வேளச்சேரிக்கு டாக்சியில் நாற்பத்தைந்து நிமிஷம்.

பன்னிரண்டரைக்கு மண்டபத்துக்குள் ஓடினேன். மனையில் அவன். மடியில் பிள்ளை. ஆசாரி ஊசியைக் கையில் எடுத்தாயிற்று.

"எந்திரிடா!" என்றேன். எழுந்தான், பாவம், கால் மரத்துப்போய்.

ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாகச் சென்னை வெயிலில் வந்து உட்கார்ந்த என்னைப் பார்த்து, ஊசி படுவதற்கு முன்பே பிள்ளை வீறிட்டது. குல்லாவைக் கழற்றியதும் நிறுத்தி, என் மூக்கைப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. அப்படியே இரண்டு காதும் குத்தியாயிற்று.

போகிறவர்களுக்கு: பறக்கும் நேரத்தை விடுங்கள், மலை இறங்கும் நேரத்தைப் பாருங்கள். சீசனில் மலையிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் வையுங்கள். வழி தெரிந்தவர் ஓட்டும்போது உள்ளூர்க்காரர் வாயைத் திறக்க வேண்டாம்.

சாப்பாட்டுப் பந்தியில் தங்கை எனக்கு இரண்டாவது பாயசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த விசேஷம் ஜெகதளாவுலதாண்ணா. நாங்க மேல ஏறி வர்றோம். நீங்க ஊட்டு வாசல்ல நின்னா போதும்."